தவளைக்கு என்ன சமைப்பது

எனக்கு என் கையைப் பற்றி எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. நான் வைத்த கறிவேப்பிலைச் செடி மரமாகிப் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழச் செய்தது. நான் உறை குத்திய தயிர் ஒரு நாளும் புளித்ததில்லை. படிப்பு மட்டும் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. இதை எழுதும்போதுகூட ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துக்கொண்டுதான் போகிறேன். அதனால் என்ன, உயிருள்ள எதை என் கையில் கொடுத்தாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வாய்விட்டுச் சொன்னேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு தெருவில் இருந்தோம். கீழே நானும் என் கணவரும். பெண்ணைக் கல்யாணம் செய்து பெங்களூருக்கு அனுப்பியாகிவிட்டது. மாடியில் ஒரு பாட்டு டீச்சர் குடியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நல்ல சாரீரம். ஆனால் வீடு வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்பது என் அபிப்பிராயம். அவளுடைய செடித் தொட்டிகளுக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. தட்டு நிறையத் தண்ணீர். தண்ணீர் நிறையக் கொசுப்புழு. ஊரெல்லாம் மலேரியா என்று கார்ப்பரேஷன் ஆட்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் கொல்லையிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி நிற்காது. வாளி, குடம், அண்டா எல்லாம் கவிழ்ந்தே இருக்கும். கிணற்றுக்கு வலை போட்டிருந்தோம். எனவே எனக்கு மாடி ஏறிப் போய் உபதேசம் செய்கிற உரிமை இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

“ஏம்மா, பாட்டு சொல்லிக்குடுக்கற எடத்துல கொசுவையும் சேத்து வளக்கறயே, அதுக்கும் ஃபீஸ் வாங்கறயோ?” என்பேன்.

“இதோ கொட்டிடறேன் மாமி,” என்பாள். கொட்டமாட்டாள்.

இனி தவளைக்கு வருகிறேன். என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. அடையாறில் ஒரு டாக்டர், மீன் தொட்டி ஒன்று வாங்கி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருங்கள், கொதிப்பு தானாக இறங்கும் என்றார். தொட்டி வந்தது, மீன் வந்தது. மீன் ஒவ்வொன்றாகச் செத்தது. ஒவ்வொரு சாவுக்கும் இவருக்குக் கொதிப்பு ஏறியது. கடைசி மீனையும் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டு, பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த மீன் கடைக்குச் சண்டை போடப் போனவர், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பி வந்தார்.

“என்னன்னா இது, பையில?”

“தவளைடி.”

“மழை பெஞ்சா கொல்லையில தானா வந்து நிக்குமே, அதைக் காசு குடுத்து வாங்கிண்டு வந்தேளா?”

“இது அந்த மாதிரி இல்லை. தரைக்கே வராத ஜாதி. தண்ணியிலேயே இருக்கும். கத்தாது, அலையாது, ஒரு தொந்தரவும் இல்லைன்னான்.”

“அப்போ உங்களுக்கு ஏத்த ஜோடிதான்.”

இரண்டு தவளைகள். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. கையையும் காலையும் நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு தண்ணீரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடக்கும் என் கணவரேதான். நடுநடுவே ஒன்று விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே வரும். அதைப் பார்த்துக்கொண்டு அவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். கொதிப்பும் இறங்கத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது.

எனக்குப் பிடிக்காதது அதுகளின் சாப்பாடு. அதே கடையில் சிவப்புச் சிவப்பாக நூல்கண்டு மாதிரி உயிரோடு நெளியும் புழுவைப் பொட்டலம் கட்டித் தருவான். வெங்காயமே நுழையாத நாள்கள் உண்டு எங்கள் வீட்டில். அங்கே புழுப் பொட்டலம்! கொல்லையில் குழாயடியிலேயே அதை வைத்துக்கொள்ள வேண்டும், ஓட்டை ஸ்பூனால்தான் எடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது எதிலும் படக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். அவர் ஸ்பூனோடு போவார். நான் பின்னாலேயே தண்ணீர் தெளித்துக்கொண்டு போவேன்.

அந்த ஐப்பசியில் அவருக்குக் கண் புரை ஆபரேஷன் என்று முடிவானது. பெண் பெங்களூரிலேயே செய்துகொள்ளலாம், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். எனக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது. நான் வரவில்லை என்றேன். அவருக்கு என்னை விட்டுப் போவதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. தொட்டியை விட்டுப் போவதில்தான் இருந்தது.

“வாரத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறிப் பாண்டி பஜார் போய்ப் புழு வாங்கிண்டு வந்துடு.”

“பாண்டி பஜாருக்கு நான் புடவை வாங்கப் போவேன். புழு வாங்கப் போகமாட்டேன்.”

“அப்போ அதுகளுக்கு என்ன போடுவே?”

“நம்ம என்ன சாப்பிடறோமோ அது.”

“அது சாதம் சாப்பிடாதுடி.”

“பெசையற மாதிரி பெசஞ்சு போட்டா எது சாப்பிடாது? உங்க பொண்ணு கீரையைக் கண்டா ஓடுவா. யாரு சாப்பிட வெச்சா?”

அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

“நான் திரும்பி வரச்சே ரெண்டும் உசிரோட இருந்தா, வளக்கற விஷயத்துல இனிமே இந்தாத்துல நீ சொன்னதுதான் சட்டம்.”

“உசிரோட என்ன, கொழுகொழுன்னு இருக்கும் பாருங்கோ,” என்றேன் நான்.

சொல்லிவிட்டேன். அவர் ரயில் ஏறிவிட்டார்.

முதல் நாள் குழையக் குழையத் தயிர்சாதம் பிசைந்தேன். கல், உமி இல்லாமல் பொறுக்கி, உப்புக்கூடப் போடாமல், கடுகு மணி அளவு உருட்டிப் போட்டேன். தொட்டித் தண்ணீர் பால் மாதிரி ஆயிற்று. தவளை இரண்டும் மூலைக்கு ஓடி, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஜனங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. தண்ணீரை இறைத்துக் கொட்டி, கிணற்றுத் தண்ணீர் மாற்றினேன். அடுத்த நாள் வேகவைத்த துவரம் பருப்பு. அதற்கடுத்து தேங்காய்த் துருவல். பிறகு ஊறவைத்த அவல். ஒன்று வந்து அவலை மோந்து பார்த்தது. என் மனம் குளிர்ந்தது. மோந்துவிட்டு, இரண்டு கையாலும் அதை அப்பால் தள்ளிவிட்டுப் போயிற்று. ஐம்பத்தைந்து வயதில் என் சமையலை ஒருவர் கையால் தள்ளியது அதுதான் முதல் தடவை. ஏகாதசியன்று எனக்கும் உபவாசம், அதுகளுக்கும் உபவாசம். அந்த ஒரு நாள்தான் நாங்கள் மூவரும் ஒத்துப்போனோம்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று பெண் சொல்லிவிட்டு அவரிடம் கொடுத்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார்.

“இடுப்பு வலிதான். மத்தபடி தேவலை.”

“உன்னைக் கேக்கலை. அதுகள்.”

“பேஷா இருக்கு.”

“என்ன சாப்பிடறது?”

“லைன் சரியாக் கேக்கலைன்னா,” என்று வைத்துவிட்டேன். லைன் மணி மாதிரி கேட்டது.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு தொட்டிப் பக்கம் போனேன். ஒரு தவளையின் முதுகிலிருந்து கந்தல் வேட்டி மாதிரி ஏதோ வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது குனிந்து, நெளிந்து, காலால் உதைத்து, சட்டையைத் தலை வழியாகக் கழற்றுகிறாற்போல அதைக் கழற்றியது. கழற்றி வாயில் திணித்துக்கொண்டு விழுங்கியது. காபியை அப்படியே கீழே வைத்தேன். பசி தாங்காமல் தன் தோலையே உரித்துத் தின்கிறது! என் வீட்டில், நான் இருக்கும்போது, ஒரு ஜீவன் தன் தோலைத் தின்று பசியாறுகிறது. நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு அங்கேயே வடைமாலை வேண்டிக்கொண்டேன். யாருக்காக என்று அவரிடம்கூட விவரமாகச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன், புழு வாங்க.

மழை பிடித்துக்கொண்டது. பாண்டி பஜாரில் முழங்கால் தண்ணீர். மீன் கடைக்காரன் ஸ்டூலின் மேல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“புழுவா? இல்ல மாமி. கால்வாய்லேர்ந்து எடுத்துக்கினு வர்ற ஆளே வர்ல. மழையில எல்லாம் அட்ச்சிக்கினு பூட்ச்சி.”

“எப்போ வரும்?”

“மழ நின்னாதான். இன்னா, தவளைக்கா? சார் எடுத்துக்கினு போனாரே, அதுவா?”

“தோலை உரிச்சுத் திங்கறதுப்பா!”

“அது உரிக்கும், தின்னும். அதுங்க பயக்கமே அப்டித்தான். அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது. வயிறு எப்டி கீது? ஒட்டிப்போய்க் கீதா?”

“ஒட்டித்தான் போயிருக்கு.”

“அப்போ பசி. இன்னாத்துக்கு மாமி மழையில இம்மாந்தூரம் வந்தீங்க? கொசுப்புழு போடுங்க. நல்லாத் துன்னும். துட்டும் இல்ல. உங்க வூட்ல இல்லாததா?”

எனக்கு வந்த கோபத்தில் குடையை மடக்கி அவனை இரண்டு சாத்தலாம் போலிருந்தது.

“எங்காத்துல கொசுப்புழுவா? வந்து பாரு. கொல்லை முழுக்கத் தேடு. ஒண்ணு காட்டிட்டியானா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்!”

“சரி மாமி, இல்லாங்காட்டி போங்க. நல்லதுதானே,” என்றான் அவன் சாதுவாக.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முழுக்க இறைந்து கிடக்கும் ஒரு பண்டம். மெட்ராஸில் அது இல்லாத ஒரே வீடு என்னுடையது. பெருமைப்பட்டு முடிப்பதற்குள் லஸ் வந்துவிட்டது. இறங்கியதும் நேராக மாடி ஏறினேன்.

பாட்டு டீச்சர் என்னைப் பார்த்ததுமே முகம் வெளுத்தாள்.

“சத்தியமா இன்னிக்குக் கொட்டிடறேன் மாமி.”

“வேண்டாம் வேண்டாம். நீ கொட்டாதே. உனக்கு ஏது நேரம். குடு, நானே கொண்டுபோய் அலம்பித் தரேன்.”

“ஐயோ, நீங்க போய் என் தட்டை அலம்பறதாவது! நன்னாருக்கா?”

“எனக்கொண்ணும் கொறஞ்சு போயிடாது. விடு.”

“நீங்க விடுங்கோ மாமி.”

தட்டின் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். தண்ணீர் அலம்பிப் பாதி படியில் கொட்டிற்று. கொட்டியதைப் பார்த்து நான் “ஐயையோ” என்று கத்தியதைக் கேட்டு அவள் பயந்துபோய் விட்டுவிட்டாள். மீதித் தட்டைச் சுவாமிக்குத் தீர்த்தம் கொண்டுபோகிறாற்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கீழே வந்தேன்.

தொட்டியில் சாய்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தவளைக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். பிறகு ஒன்றின் மூக்கருகே ஒரு புழு துள்ளிற்று. லபக். அவ்வளவுதான், அந்தச் சோம்பேறிகளுக்கு எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வந்ததோ! இரண்டு கையாலும் வாயில் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டன. நாலு நாள் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரை காத்திருந்தவர்கள்கூட அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. உயிரோடு துள்ளுவதைப் பரிமாறுகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. மறு கணம், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கோ,” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மாடி ஏறினேன். தட்டுகள் எல்லாம் காய்ந்து, கவிழ்ந்து, வரிசையாக அடுக்கியிருந்தன. டீச்சர் முகமெல்லாம் பெருமை.

“நீங்க அன்னிக்கு உங்க கையால தூக்கிண்டு போனதும் எனக்கு மானமே போயிடுத்து மாமி. எல்லாத்தையும் தேய்ச்சு அலம்பிட்டேன். பாட்டில்ல இருந்த செடியைக்கூட மண்ணுக்கு மாத்திட்டேன். இனிமே ஒரு சொட்டு நிக்காது.”

வருஷக்கணக்காக நான் தொண்டை கட்டச் சொல்லி வந்தது கடைசியில் நடந்தேவிட்டது.

“என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?” என்றேன். அவள் விழித்தாள்.

வேறு வழியில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், காது உடைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியை நிமிர்த்தி வைத்தேன். அது ஒன்றும் லேசான காரியமில்லை. இரண்டு தடவை நிமிர்த்தி, மனசு கேட்காமல் இரண்டு தடவையும் கவிழ்த்துவிட்டுத்தான் மூன்றாவது தடவை நிமிர்த்தினேன். மழைத் தண்ணீர் பிடித்தேன். நாலு காய்ந்த இலையைப் போட்டேன், கொசுவுக்கு அந்த இடம் பிடிக்குமென்று. தினமும் காலையில் குனிந்து பார்ப்பேன். ஒன்றுமிருக்காது. என் பேரைக் கேட்டே கொசுக்கள் இந்தப் பக்கம் வருவதில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அந்தக் கவலையிலும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். தவளைகளின் வயிறு மறுபடி உள்ளே போக ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் வாளியில் கமாவும் கமாவுமாகத் துள்ளிற்று. கமா என்றால் என்னவென்று தெரிகிற அளவுக்கு நானும் படித்திருக்கிறேன். “வந்தாச்சு!” என்று நான் போட்ட சத்தத்தில், கிணற்றடியில் இருந்த காக்காய் பறந்து போயிற்று.

அடுத்தபடியாக ஒரு பெரிய தர்மசங்கடம் வந்தது. குளித்து மடியாக இருந்துகொண்டு கொசுப்புழு பிடிப்பதா, அல்லது பிடித்துவிட்டுக் குளிப்பதா? குளித்துவிட்டுப் பிடித்தால் மடி போயிற்று. பிடித்துவிட்டுக் குளிக்கலாம் என்றால், குளிக்காமல் காலையில் எதையும் தொடுகிற வழக்கம் எனக்கு இல்லை. யாரைக் கேட்பது? எந்த வாத்தியாரிடம் போய் இந்தச் சந்தேகத்தைச் சொல்வது? கடைசியில் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று இரண்டு குளியல். பழைய டீ வடிகட்டி ஒன்றை அதற்கென்று ஒதுக்கினேன். மழைக்காலத்தில் இரண்டு வேளை தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. தவளைகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

நான் எவ்வளவுதான் வடிகட்டினாலும் வடிகட்டிக்குத் தப்பியவை இருக்கத்தானே செய்யும். அவை சிறகு முளைத்து, வளர்த்த நன்றிக்கு என்னையே வந்து கடித்தன.

அவர் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, காலைக் காபி ஆன கையோடு கொல்லைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கார்ப்பரேஷன் மலேரியா ஆள். தோளில் எண்ணெய் டப்பா. தேங்கிய தண்ணீரைக் கண்டால் ஒரு கரண்டி ஊற்றுவான், புழுவெல்லாம் பத்து நிமிஷத்தில் காலி. என் வாளியில் ஊற்றினால் தவளைகளும் காலி, அவரிடம் நான் சவடாலாகச் சொன்னதும் காலி. வாளியைக் கவிழ்க்க மனம் வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓட உடம்பு வரவில்லை. சட்டென்று சாப்பிடுகிற மணையை எடுத்து வாளியின் மேல் போட்டேன். மணையின் மேல் உட்கார்ந்தேன். புடவையை நாலு பக்கமும் பரத்திக்கொண்டேன். கையில் அகப்பட்ட முருங்கைக்கீரைக் கட்டை மடியில் போட்டுக்கொண்டு, “வாப்பா, கதவு தெறந்துதான் இருக்கு,” என்றேன்.

“இன்னா மாமி, தூறல்ல குந்திக்கினு கீர ஆயறீங்க?”

“உள்ள வெளிச்சம் பத்தலை.”

“கொஞ்சம் எய்ந்துக்கங்க. கல்லுக்கு அந்தாண்ட பாக்கணும்.”

“முட்டி வலிப்பா. உக்காந்தா எழுந்துக்க முடியாது, எழுந்தா உக்கார முடியாது. எட்டிப் பாத்துக்கோ.”

அவன் எட்டிப் பார்த்தான். சுற்றிப் பார்த்தான். கவிழ்ந்த குடங்கள், கவிழ்ந்த அண்டா, வலை போட்ட கிணறு. எனக்கு அடியில் தண்ணீருக்குள் துள்ளுவது எனக்கே கேட்கிறாற்போலிருந்தது. அவன் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“டீச்சர்! இங்க கொஞ்சம் வந்து பாருங்க. ஊடுன்னா இப்டி வெச்சுக்கணும்.”

“மாமியைப் பத்தி எனக்குத் தெரியாதா? நானே அவாளைப் பாத்துதான் மாறிட்டேன்,” என்று மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து டீச்சர் சொன்னாள்.

நான் கீரையில் இல்லாத பழுப்பு இலையைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு என் புறங்காலில் உட்கார்ந்து ஊசியை இறக்கியது. அடிக்கக் குனிந்தால் மணை நகரும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“கடிக்குதா மாமி? இதெல்லாம் அக்கம்பக்கத்துலேர்ந்து வர்றது. எத்தினி தபா சொன்னாலும் இந்த சனங்க திருந்தாதுங்க.”

“ஆமாம்ப்பா. என்ன ஜனங்களோ,” என்றேன்.

அவன் தெருவைத் தாண்டியது தெரிந்த பிறகுதான் எழுந்தேன். முட்டி வலி என்று சொன்னது அதற்குள் நிஜமாகவே ஆகிவிட்டிருந்தது.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, விளக்கேற்றுகிற வேளையில் மாடியிலிருந்து சுருதிப் பெட்டி சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. மார்கழிக் கச்சேரி நெருங்குகிறது, சிஷ்யைகள் சாதகம் செய்கிறார்கள், சரி. ஆனால் பாட்டைக் காணோம், வெறும் பெட்டி மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள், கரண்டு பாழாகிறது என்று எனக்குப் பொறுக்கவில்லை. படியேறினேன்.

“பெட்டியை அணைக்கறதுக்குக்கூடவா ஆள் வேணும்?”

டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “எந்தப் பெட்டி மாமி? அது ரிப்பேருக்குப் போயி ஒரு வாரமாச்சே.”

மாடியில் சத்தமில்லை. கீழேதான் இருந்தது. இரண்டு பேருமாக இறங்கி வந்து, சத்தத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனோம். தொட்டிக்குள் ஒரு தவளை தொண்டையைப் புடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்றது. மற்றது கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் கண்ணாடியில் காதை வைத்தாள்.

“மாமி, இம்மிகூட நழுவாம நிக்கறது! என் பொண்ணுகள் ஒருத்திக்கும் இப்படி நிக்கலை. எவ்வளவு கொழுத்திருக்கு ரெண்டும்! என்ன போடறேள்?”

“ஆத்துல இருக்கறதைத்தான்,” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அவர் வந்தார். மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டு அன்று மத்தியானமே திரும்பிப் போய்விட்டார். கறுப்புக் கண்ணாடி, கையில் சொட்டு மருந்து. என் முகத்தைப் பார்க்கும் முன் தொட்டிப் பக்கம் போவார் என்று எனக்குத் தெரியும். சமையலறை வாசலில், பாராட்டு வந்து விழுவதற்குத் தோதாக நின்றுகொண்டேன். அவர் கண்ணாடியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏதுடி இது?”

“எது?”

“இந்தத் தவளை ரெண்டும்.”

“உங்களோடதுதான்.”

“என்னோடது இவ்வளவு தொந்தியா இருக்காது. அதுகள் போயிடுத்து, இல்லையா? பரவால்லை, சொல்லு. கோவிச்சுக்கமாட்டேன். புதுசா வாங்கிப் போட்டிருக்கே.”

அந்தச் சனியன் அப்போதுதானா பாட வேண்டும்? ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்தது.

“பாத்தியா! என்னோடது கத்தவே கத்தாது.”

“கத்தலை. பாடறது. டீச்சரை வேணா கேளுங்கோ.”

“பாண்டி பஜார் போனியா இல்லையா? உண்மையைச் சொல்லு.”

“போனேன்.”

“அதானே!” என்று நாற்காலியில் சாய்ந்தார். குரலில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. “தலைகீழா நின்னாலும் அது சாதம் சாப்பிடாதுன்னு நான் அப்பவே சொன்னேன். நீதான் கேக்கலை. போறது போ.”

“புழு வாங்கத்தான் போனேன். மழையில வரலைன்னுட்டான்.”

“அப்போ இந்த ஒரு மாசம் என்ன போட்டே?”

சொல்லாவிட்டால், தவளையைச் சாகடித்துவிட்டுக் கடையில் வாங்கி ஏமாற்றுகிறவள் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். சொன்னால், என் கொல்லையில், என் கையால், கொசு வளர்த்தேன் என்று ஆகும். இரண்டில் எதுவும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் என் கைக்கு வளர்க்கத் தெரியாது என்று அவர் முடிவு கட்டுவதைவிட மற்றது தேவலை என்று பட்டது. அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். அடுக்களை வழியாக நடத்திக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன். கல்லுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

“பாருங்கோ. ரொம்பக் குனியாதீங்கோ, டாக்டர் கூடாதுன்னிருக்கார்.”

“வாளி தெரியறது.”

“வாளிக்குள்ள.”

“தண்ணி.”

“தண்ணிக்குள்ள.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். “நெளியறதே. கொசுப்புழுன்னா இது? நம்மாத்துலயா? மாடியிலேர்ந்து கொண்டுவந்து வெச்சுட்டாளா?”

மேலே கைப்பிடிச் சுவரருகே டீச்சர் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். புடவையைப் பிழிகிற சத்தம் நின்றது.

“அவளை ஏன் இழுக்கறேள்? என்னோடது,” என்றேன். மாடிக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். “ஒவ்வொண்ணும் என்னோடது. மழைத் தண்ணி பிடிச்சு, இலை போட்டு, நான் வளத்தது. இதைப் போட்டுதான் உங்க தவளையை வளத்தேன். அதே தவளைதான் அது.”

அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று.

“சிரிக்காதீங்கோ, கண்ணு! தையல் விட்டுடப்போறது!”

“நம்பறேன்டி, நம்பறேன்,” என்றார் மூச்சு வாங்க. “வேற என்ன வேணும்னாலும் நீ பொய் சொல்லுவே. கொசு வளத்தேன்னு பொய் சொல்ற ஆளா நீ?”

மேலேயிருந்து டீச்சரின் குரல் வந்தது, ரொம்ப மரியாதையாக.

“மாமி, அன்னிக்குக் கீரை ஆஞ்சேளே… அப்போ எது மேல உக்காந்திருந்தேள்?”

“போய்த் துணியை உலத்தற வேலையைப் பாரு,” என்றேன்.

அவளும் சிரித்தாள், இவரும் சிரித்தார். இரண்டு பக்கத்துச் சிரிப்புக்கும் நடுவில் நான் வடிகட்டியை எடுத்தேன். மணி நாலாகியிருந்தது. யார் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அதுகளுக்கு அது சாயங்காலச் சாப்பாட்டு வேளை.

“நான் பிடிக்கட்டுமா?” என்று அவர் கையை நீட்டினார்.

“உங்களுக்கு இன்னும் கண்ணு சரியாத் தெரியலை. பெரிசையெல்லாம் தப்ப விட்டுடுவேள். நகருங்கோ,” என்று சொல்லிவிட்டு நானே குனிந்தேன்.